செஞ்சியின் மூன்று மலைகளும் ஒரே படத்தில்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. 'மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள்' என்ற பெயரில் சேர்க்கப்பட்ட 12 கோட்டைகளில் 11 மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. தமிழ்நாட்டில் இருப்பது செஞ்சி ஒன்றுதான். அதன் பிறகு செஞ்சிப் படங்கள் எங்கு பார்த்தாலும் கண்ணில் படுகின்றன. பெரும்பாலானவற்றில் ராஜகிரி மட்டும் தனியே நிற்கிறது, அல்லது கோட்டைக்குள் இருக்கும் பல மாடிக் கட்டடமான கல்யாண மகால் மட்டும். அழகான படங்கள்தாம். ஆனால் செஞ்சி என்பது ஒற்றை மலை அல்ல. மேற்கே ராஜகிரி, வடக்கே கிருஷ்ணகிரி, தென்கிழக்கே சந்திரகிரி என்று மூன்று குன்றுகளையும் மதிலால் கோத்து முக்கோணமாக வளைத்த கோட்டை அது. அந்த வளைப்பு கண்ணில் பட்டால்தான் இங்கே ஏன் கோட்டை கட்டினார்கள் என்பதே விளங்கும். சாதாரணப் படச் சட்டத்துக்குள் அது அடங்காது. கிருஷ்ணகிரி மேல் நின்று, காலடியில் உள்ள பாறையும் மதிலும் முன்னால் தெரிய, இடப்பக்கம் சந்திரகிரியும் வலப்பக்கம் ராஜகிரியும் விரியும்படி எடுக்கும் பனோரமாதான், அதாவது பல படங்களை ஒட்டிச் சேர்த்த அகலப் படம்தான், இந்த இடத்துக்குப் பொருந்தும். புதிதாகக் கேமரா வாங்கிய எவரும் இதை எடுக்கலாம் என்பதற்காகவே இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

பனோரமா என்றதும், வைட் ஆங்கிள் லென்ஸ் இல்லையே, ட்ரோன் இல்லையே என்று புதியவர்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். இரண்டும் தேவையில்லை. கேமராவோடு வரும், 18 முதல் 55 மி.மீ. வரை ஜூம் ஆகும் 18-55 லென்ஸ் போதும். அதிலும் 18 பக்கமே போக வேண்டாம். புதியவர்கள் வாங்கும் பெரும்பாலான கேமராக்களில் உள்ள ஏபிஎஸ்-சி அளவு சென்சாரில் 18 மி.மீ. வைத்துப் படுக்கைவாட்டில் எடுத்தால் ஏறத்தாழ 66 டிகிரி அகலம் விழும். ஆனால் மேல்பாதி வானமும் கீழே வெறும் தரையுமாகப் போய், நடுவில் மலை ஒரு கரம்பு மேடுபோலச் சுருங்கிக் கிடக்கும். நேரில் நிமிர்ந்து நின்ற மலை படத்தில் ஏன் குட்டையாகிவிட்டது என்று பலருக்கும் வருத்தம் வருவது இதனால்தான். அந்தப் படத்தையே மேலும் கீழும் வெட்டி 3-க்கு 1 பட்டையாக்கினால், 24 மெகாபிக்சலில் மிஞ்சுவது 12.

இப்போது அதே லென்ஸை 35 மி.மீ.யில் வைத்து, கேமராவை நெட்டுவாக்கில் பிடியுங்கள். ஒவ்வொரு படமும் 25 டிகிரி அகலமும் 37 டிகிரி உயரமும் பிடிக்கும். ஒவ்வொன்றும் அடுத்ததன் மேல் மூன்றில் ஒரு பங்கு ஏறும்படி 17 டிகிரிக்கு ஒன்றாகத் திருப்பிக்கொண்டே போனால், 120 டிகிரிக்கு 7 படங்கள். ஒட்டி முடித்தால் சுமார் 20,000-க்கு 6,000 பிக்சல்; 120 மெகாபிக்சல். ஓரங்கள் கோணலாக வரும், அவற்றை வெட்டியாக வேண்டும், அதில் உயரத்தில் பத்து பதினைந்து சதவீதம் போகும். நெட்டுவாக்கில் எடுக்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். படுக்கைவாட்டில் எடுத்தவருக்கு வெட்டிக் கொடுக்க உயரமே இருக்காது. கேமராவில் ஜூம் வளையம் தற்செயலாக நகர்ந்துவிடாமல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். நடுவில் ஒரு படம் 35-லும் அடுத்தது 38-லும் ஆகிவிட்டால் ஒட்டும்போது தலைவலி.

பனோரமாவின் உயிர் கேமராவை எதன்மேல் திருப்புகிறோம் என்பதில் இருக்கிறது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ஜன்னல் கம்பி ஒன்றும் தெருவில் உள்ள மின்கம்பம் ஒன்றும் ஒரே கோட்டில் வரும்படி நில்லுங்கள். தலையை மட்டும் இடமும் வலமும் திருப்புங்கள். கம்பி மின்கம்பத்தை விட்டு விலகும், திரும்ப வந்து சேரும். கண் கழுத்துக்கு நேர்மேலே இல்லாமல் முன்னால் இருப்பதால், தலையைத் திருப்பும்போது கண் இடம் மாறுகிறது. இடம் மாறினால் கிட்டே இருப்பது தூரத்தில் இருப்பதை வேறு இடத்தில் மறைக்கும். கேமராவுக்கும் இதே கதைதான். லென்ஸை முன்பக்கமிருந்து பார்த்தால் உள்ளே வெளிச்சம் புகும் அப்பர்ச்சரின் துளை ஓர் ஆழத்தில் மிதப்பதுபோல் தெரியும். அந்தத் துளை தெரியும் இடத்தின் வழியே செங்குத்தாக ஓர் அச்சு போவதாக நினைத்துக்கொண்டு, அதன்மேல் கேமராவைத் திருப்பினால் கிட்டத்துப் பொருளும் தூரத்துப் பொருளும் ஒன்றைவிட்டு ஒன்று நகராது. வேறெங்கே வைத்துத் திருப்பினாலும் நகரும்.

எவ்வளவு நகரும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் எங்கே கவலைப்பட வேண்டும், எங்கே வேண்டாம் என்பது தெளியும். கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு இடுப்போடு உடம்பைத் திருப்புகிறவருக்கு, முதுகெலும்பிலிருந்து லென்ஸின் துளை ஏறத்தாழ 25 செ.மீ. முன்னால் இருக்கும். 17 டிகிரி திரும்பினால் துளை 7 செ.மீ. இடம் மாறுகிறது. 2 மீட்டரில் ஒரு பாறை இருந்தால் அது பின்னணியிலிருந்து 2 டிகிரி விலகும். நம் படத்தில் அது 320 பிக்சல். எந்த மென்பொருளாலும் அதை மறைக்க முடியாது, பாறை இரண்டாகத் தெரியும் அல்லது பாதியில் அறுபடும். 100 மீட்டரில் உள்ள மரத்துக்கு அதே தவறு 6 பிக்சல். அரை கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு பிக்சல் சொச்சம். ஆகவே முன்னால் ஒன்றுமில்லாத மலை முகட்டில் நின்று தூரத்து மலைத்தொடரை எடுப்பவர் இதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். கிருஷ்ணகிரியில் நிலைமை வேறு. முன்னால் பாறையும் மதிலும் வேண்டும் என்று நாமே விரும்பிச் சேர்க்கிறோம். அந்த விருப்பத்துக்கு விலை இந்த அச்சைச் சரியாகப் பிடிப்பது.

முக்காலி வைத்துக்கொள்ளலாமே என்பீர்கள். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவுச் சின்னங்களில் முக்காலி வைக்க முன்அனுமதி வாங்க வேண்டும். அனுமதி இல்லாமல் தூக்கிக்கொண்டு மலையேறி, கீழேயே வைத்துவிட்டு வரச் சொல்லும்படி ஆக வேண்டாம். கையில் பிடித்தே ஒழுங்காக எடுக்க ஒரு வழி இருக்கிறது, கொத்தனாரின் தூக்குக் குண்டுதான் அதற்கு முன்மாதிரி. லென்ஸின் குழல்மேல், துளை தெரியும் இடத்துக்கு நேராக ஒரு ரப்பர் பேண்ட் மாட்டுங்கள். அதில் மெல்லிய நூலைக் கட்டி, நுனியில் ஒரு இரும்பு நட்டோ சாவியோ தொங்கவிடுங்கள். கேமராவைக் கண்ணுக்கு நேரே பிடித்தால் குண்டு தரைக்கு இரண்டு விரற்கடை மேலே நிற்கும் அளவு நூல் போதும். தரையில் ஒரு கூழாங்கல்லை வைத்து, ஒவ்வொரு படத்துக்கும் குண்டு அந்தக் கல்லுக்கு நேர்மேலே நிற்கும்படி நீங்கள் காலை மாற்றி மாற்றி நகருங்கள். கேமரா இருந்த இடத்திலேயே சுழல வேண்டும், அதைச் சுற்றி ஆள் நடக்க வேண்டும். இரண்டு செ.மீ.க்குள் பிடித்துவிட்டால் அதே 2 மீட்டர் பாறையின் தவறு 320 பிக்சலிலிருந்து 90 வாக்கில் இறங்கிவிடும். காற்றடித்தால் நூல் ஆடும். கனமான குண்டு போடுங்கள். இன்னொன்று, இதைச் செய்யும்போது கண் கேமராவிலும் கால் பின்பக்கமாகவும் போகும். மலை உச்சியில் விளிம்பிலிருந்து தள்ளி, நான்கு பக்கமும் இரண்டடி சமதரை உள்ள இடத்தில் நின்றுதான் இதைச் செய்ய வேண்டும்.

லென்ஸின் சரியான இடத்தை வீட்டிலேயே கண்டுபிடித்துக் குறித்துக்கொள்ளலாம். இதற்கு முக்காலியும் கேமராவை முன்னும் பின்னும் தள்ள ஒரு பட்டையும் வேண்டும். மேலே சொன்ன ஜன்னல் கம்பியையும் மின்கம்பத்தையும் கேமராவில் ஒரே கோட்டில் வையுங்கள். கேமராவை வலப்பக்கம் திருப்பும்போது கம்பி மின்கம்பத்துக்கு இடப்பக்கமாக விலகினால், துளை அச்சுக்கு முன்னால் இருக்கிறது. கேமராவைப் பின்னால் தள்ளுங்கள். வலப்பக்கமாக விலகினால் முன்னால் தள்ளுங்கள். விலகாத இடம் கிடைத்ததும், அச்சுக்கு நேராக லென்ஸ்மேல் பேனாவால் ஒரு கோடு. ஜூம் மாறினால் அந்த இடமும் மாறும் என்பதால் 35 மி.மீ.க்கு மட்டும் குறித்தால் போதும், வேறெதிலும் நாம் எடுக்கப் போவதில்லை.

அடுத்தது, கேமரா தானாக முடிவெடுக்கும் வேலைகள் எல்லாவற்றையும் நிறுத்துவது. ஏழு படமும் ஒரே படத்தின் துண்டுகள் என்பது நமக்குத் தெரியும், கேமராவுக்குத் தெரியாது. ஒவ்வொரு துண்டையும் தனிப்படமாக நினைத்து வெளிச்சத்தையும் நிறத்தையும் திருத்தும். விளைவு, வானம் பாய் விரித்ததுபோல் பட்டை பட்டையாக வரும். எல்லாவற்றையும் நாமே அமைக்கும் எம் மோடில் (மேனுவல்) வையுங்கள். அப்பர்ச்சர் எஃப் 8. சென்சாரின் ஒளியுணர்வைக் குறிக்கும் ஐஎஸ்ஓ 100. எம் மோடுக்குப் போனால் எல்லாம் பூட்டியாயிற்று என்று நினைத்து ஆட்டோ ஐஎஸ்ஓவை அப்படியே விட்டுவிடுவதுதான் புதியவர்களிடம் அதிகம் பார்க்கிற பிழை. எம் மோடிலும் ஆட்டோ ஐஎஸ்ஓ வெளிச்சத்தை மாற்றிக்கொண்டேதான் இருக்கும். அதைத் தனியாக அணைக்க வேண்டும். நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸ் ஆட்டோவில் இருக்கக் கூடாது, வெயில் குறிக்கு மாற்றுங்கள். நிழலைத் தானாகத் தூக்கிவிடும் வசதி எந்தப் பெயரில் இருந்தாலும் அணையுங்கள். போகஸை ராஜகிரி மேல் ஒருமுறை பிடித்து மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். முன்னால் 4 மீட்டரில் உள்ள பாறையும் கூர்மையாக வேண்டுமென்றால் 8 மீட்டர் தூரத்தில் உள்ள ஏதாவது ஒன்றில் பிடியுங்கள், 35 மி.மீ., எஃப் 8-ல் அப்போது 4 மீட்டரிலிருந்து தொடுவானம் வரை தெளிவு நிற்கும். எஃப் 8 என்று சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பெரிய துளையில் எடுத்தால் ஒவ்வொரு படத்தின் மூலையும் லேசாகக் கறுக்கும். தனிப்படத்தில் அது தெரியாது. ஏழையும் ஒட்டினால் நீல வானத்தில் பந்தலில் தொங்கும் தோரணம்போல வளைவு வளைவாகத் தெரியும்.

வெளிச்சத்தை எந்தப் பக்கத்துக்குப் பூட்டுவது? எடுக்கப் போகும் அகலம் முழுக்கக் கேமராவை ஒருமுறை ஓட்டிப் பார்த்து, எங்கே அதிக வெளிச்சமோ அங்கே வெண்மேகம் வெளுத்துப் போகாத ஷட்டர் வேகத்தைப் பூட்டுங்கள். கிருஷ்ணகிரியிலிருந்து காலையில் தென்மேற்கே பார்த்தால் சூரியன் இடப்புறம் பின்னால் நிற்கும், ராஜகிரியின் முகத்தில் நேராக வெயில் விழும். எட்டு மணி வாக்கில் எஃப் 8, ஐஎஸ்ஓ 100-க்கு 250-ல் ஒரு நொடி அல்லது 400-ல் ஒரு நொடி வரும். கையில் பிடிப்பதற்கு அது தாராளம். மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்குப் பக்கம் சாய்ந்து எழுவதால் இடது கோடிப் படம் வெளிறும். அந்தக் கோடியைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்வது நல்லது. மாலையில் இங்கே வராதீர்கள் என்றே சொல்வேன். சூரியன் ராஜகிரிக்குப் பின்னால் போய், மலை கறுப்பு அட்டையாகவும் சந்திரகிரி பொன்னிறமாகவும் நிற்கும். ஒரே ஷட்டர் வேகத்தில் இரண்டையும் காப்பாற்ற முடியாது. கோப்பை ரா வடிவில், அதாவது கேமரா திருத்தாத மூலக் கோப்பாக எடுத்தால் நிழலை ஓரளவு தூக்கலாம், ஆனால் மாலை வெயிலில் அதுவும் கைகொடுக்காது.

போலரைசர் வடிகட்டி வைத்திருப்பவர்கள் அதைக் கழற்றிப் பையில் போடுங்கள். சூரியனுக்கு 90 டிகிரியில் உள்ள வானத்தை அது நன்றாகக் கறுக்கும், மற்ற இடத்தைக் கறுக்காது. 120 டிகிரி வானத்தில் நடுவே ஒரு கருநீலத் திட்டு விழுந்துவிடும், பிறகு அழிக்க வழியில்லை.

இனி எடுக்கும் விதம். கேமராத் திரையில் மூன்று பங்காகப் பிரிக்கும் கட்டக் கோடுகளை வரவழையுங்கள். இடமிருந்து வலமாகப் போகிறோம். ஒரு படம் எடுத்ததும், வலப்பக்கச் செங்குத்துக் கோட்டில் எது இருக்கிறதோ, ஒரு மரமோ மதிலின் முனையோ, அதைக் கண்ணால் பிடித்துக்கொண்டு, அது படத்தின் இடது விளிம்புக்கு வரும்வரை திருப்புங்கள். அவ்வளவுதான், மூன்றில் ஒரு பங்கு தானாகவே ஏறியிருக்கும். கை நடுங்குகிறது என்றால் பாதிக்குப் பாதி ஏற்றி 9 படமாக எடுங்கள், கெட்டுப்போகாது. தொடுவானம் எல்லாப் படத்திலும் ஒரே உயரத்தில், படத்தின் நடுக்கோட்டில் இருக்க வேண்டும். வானத்தை அதிகம் காட்ட ஆசைப்பட்டுக் கேமராவை அண்ணாத்தினால் ஒட்டிய படம் பிறைபோல வளையும், வெட்டும்போது பாதி போய்விடும். வேண்டிய வானத்தை நெட்டுவாக்கே தந்துவிடுகிறது. முக்காலி வைப்பவர்கள் கவனிக்க வேண்டியது, ரசமட்டத்தின் குமிழி கேமராவுக்குக் கீழே, முக்காலியின் கால்கள் சேரும் இடத்தில் நடுவில் நிற்க வேண்டும் என்பது. கேமராவை மட்டும் மட்டமாக்கிவிட்டுச் சாய்ந்த அச்சில் திருப்பினால், முதல் படம் மட்டமாகவும் கடைசிப் படம் சரிந்தும் இருக்கும்; ஏழும் படிக்கட்டுபோல் இறங்கும்.

முதல் படத்துக்கு முன்னும் கடைசிப் படத்துக்குப் பின்னும் லென்ஸ் முன்னால் கையை நீட்டி ஒரு படம் எடுத்துவிடுங்கள். வீட்டுக்கு வந்து நூறு படத்தைப் பார்க்கும்போது எந்த வரிசை எங்கே தொடங்கியது என்பது அந்தக் கையால் தெரியும். ஒருமுறை வலமாகப் போய் முடித்ததும், அப்படியே இடமாகத் திரும்பி இன்னொரு வரிசை எடுங்கள். ஏதாவது ஒரு படம் ஆடிப்போயிருந்தால் ஒட்டுக்கு இது உதவும்.

வேகமும் முக்கியம். ஏழு படத்தையும் அரை நிமிடத்தில் முடிக்கப் பழகுங்கள். மேகம் நகர்கிறது, அதன் நிழல் மலைமேல் நகர்கிறது. மூன்றாவது படத்தில் ராஜகிரியின் இடப்பாதி வெயிலிலும், நான்காவதில் அதே பாதி நிழலிலும் இருந்தால் இரண்டும் ஒட்டாது. பெரிய மேகத்துண்டு கடந்து போகும்வரை காத்திருந்து, வெயில் முழுக்க விழுந்ததும் ஒரே மூச்சில் எடுங்கள். கீழே திருவண்ணாமலை சாலையில் பேருந்து ஓடும். இரண்டு படங்கள் மேலேறும் இடத்தில் அது வந்தால் ஒரே பேருந்து இரண்டாகும், அல்லது முன்பாதி மட்டும் நிற்கும். படியேறி வரும் மனிதர்களும் அப்படியே. ஆள் படத்தின் நடுவில் இருக்கும்போது எடுத்துவிட்டால் தொல்லையில்லை, விளிம்பில் இருந்தால் போகும்வரை பொறுங்கள்.

திருப்பி எடுப்பது போலவே, நடந்து எடுப்பது என்று இன்னொரு வகையும் உண்டு. அதற்குத் தமிழ்நாட்டிலேயே பழைய, பெரிய எடுத்துக்காட்டு இருக்கிறது. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் ட்ரைப், 1858-ல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒட்டினார். கம்ப்யூட்டர் இல்லாத காலம். காகித நெகட்டிவ், கத்தரி, பசை. கல்வெட்டு ஒரே தளத்தில் இருப்பதால் கேமராவைச் சுவரை ஒட்டி நகர்த்தி நகர்த்தி எடுக்க முடிந்தது. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று ஆழம் இருந்திருந்தால் ஒட்டே சேர்ந்திருக்காது. செஞ்சி மதிலில் உள்ள கல்வரிசையை எடுக்க நினைப்பவர்கள் ட்ரைப் வழியில் நடக்கலாம். மலைகளை எடுப்பவர்கள் நின்ற இடத்தில்தான் திரும்ப வேண்டும். இரண்டையும் கலந்து, இரண்டடி நகர்ந்து திரும்பி, மறுபடி இரண்டடி நகர்ந்து திரும்பி எடுத்தால் எதுவும் சேராது.

ஒட்டுவதற்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. ஹியூகின் என்ற மென்பொருள் இலவசம். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். படங்களை உள்ளே போட்டால் லென்ஸ் எத்தனை மி.மீ. என்பதைக் கோப்பிலிருந்தே எடுத்துக்கொண்டு, அடுத்தடுத்த படங்களில் பொதுவாக உள்ள புள்ளிகளைத் தேடிப் பொருத்தும். பொருத்தி முடித்ததும் சராசரிப் பிழை எத்தனை பிக்சல் என்று சொல்லும். இரண்டு மூன்றுக்குள் இருந்தால் மகிழ்ச்சி. பத்து, இருபது என்று வந்தால் புள்ளிகளின் பட்டியலைத் திறந்து பிழை அதிகமுள்ளவற்றைப் பாருங்கள். பெரும்பாலும் அவை மேகத்தின் மேலோ காற்றில் ஆடும் கிளையின் மேலோ விழுந்திருக்கும். மேகம் நகர்ந்துவிட்டதால் அந்தப் புள்ளி பொய்ப்புள்ளி. அவற்றை நீக்கிவிட்டு, பாறை, மதில், கட்டட மூலை போன்ற அசையாத இடங்களில் நாமே நான்கைந்து புள்ளி வைத்து மறுபடி பொருத்தினால் பிழை இறங்கும். அசையாத பாறை மேலேயே பிழை அதிகமாக இருந்தால் குற்றம் புள்ளியில் இல்லை, அச்சைவிட்டு விலகி எடுத்திருக்கிறோம். அப்போது மாஸ்க் வைத்து, அதாவது வேண்டிய பகுதியைச் சுற்றிக் கோடு போட்டுக் குறித்து, அந்தப் பாறையை ஒரே படத்திலிருந்து முழுசாக எடுத்துக்கொள்ளச் சொல்லலாம். ஒட்டுத்தடம் பாறைக்குப் பக்கத்தில் உள்ள புதருக்குள் ஒளிந்துகொள்ளும்.

பிறகு எந்த வகையில் விரிப்பது என்று கேட்கும். 120 டிகிரிக்கு உருளை வடிவம், அதாவது சிலிண்டரைத் தேர்ந்தெடுங்கள். நேர்கோடுகளை நேராகவே காட்டும் ரெக்டிலீனியர், 90 டிகிரியைத் தாண்டினால் இரண்டு ஓரத்தையும் ரப்பர்போல் இழுக்கும். ஓரத்தில் இருக்கும் சந்திரகிரி அகலமாகக் குந்திவிடும். உருளைக்கும் ஒரு குணம் உண்டு. தொடுவானம் நேராக இருக்கும், தூண்களும் நேராக நிற்கும், ஆனால் நம் முன்னால் குறுக்கே ஓடும் மதில் வில்லாக வளையும். அது கேமராவின் பிழையோ மென்பொருளின் பிழையோ அல்ல. வளைந்த காட்சியைத் தட்டையான தாளில் விரித்தால் ஏதாவது ஒன்று வளைந்தே தீரும். மதில் குறுக்கே நேராக ஓடாமல், ஒரு மூலையிலிருந்து உள்நோக்கிப் போகும் இடமாகப் பார்த்து நின்றால் வளைவு கண்ணை உறுத்தாது. தொடுவானம் அலையாக நெளிந்தால் நேராக்கும் பொத்தானை அழுத்துங்கள். அப்படியும் சரியாகவில்லை என்றால் மின்கம்பம், கட்டட மூலை என்று நான்கு நிமிர்ந்த கோடுகளைச் செங்குத்தாகக் குறித்துக் கொடுத்தால் நிமிரும்.

செல்போன் மட்டும் வைத்திருப்பவர்களுக்கும் இதே இலக்கணம்தான். போனில் உள்ள பனோரமா மோடு, திருப்பத் திருப்ப மெல்லிய பட்டைகளாக எடுத்து உடனுக்குடன் ஒட்டுகிறது. போனை நெட்டுவாக்கில் பிடியுங்கள். கையை நீட்டிக்கொண்டு சுழன்றால் போன் ஒரு பெரிய வட்டமே அடிக்கும்; முழங்கைகளை விலாவோடு ஒட்டி, போனை முகத்துக்கு அருகே வைத்து, அது இருந்த இடத்திலேயே சுழலும்படி நீங்கள் நகருங்கள். தொடங்குவதற்கு முன் வெளிச்சமான பக்கத்தைத் தொட்டு வெளிச்சத்தைப் பூட்ட முடிந்தால் பூட்டுங்கள். திரையில் தெரியும் அம்பு கோட்டைவிட்டு ஏறி இறங்கினால் அந்த அளவுக்கு மேலும் கீழும் வெட்டுப்படும். பாதி வழியில் நிற்காதீர்கள், வேகத்தையும் மாற்றாதீர்கள். மதிலில் வெட்டு விழுந்ததுபோல் படி தெரிவது அங்கேதான். அல்ட்ரா வைட் லென்ஸ் வேண்டாம். வெளிச்சம், போகஸ் எல்லாவற்றையும் நாமே அமைக்கும் ப்ரோ மோடு உள்ள போனாக இருந்தால் பனோரமா மோடையே மறந்துவிட்டு, எல்லாவற்றையும் பூட்டி, தனித்தனிப் படங்களாக எடுத்து ஹியூகினில் ஒட்டுங்கள். பிக்சலும் தெளிவும் பல மடங்கு கிடைக்கும்.

எவ்வளவு அகலம் என்பதில் ஒரு வார்த்தை. முடிகிறது என்பதற்காக 360 டிகிரியும் சுற்றாதீர்கள். முன்னால் பார்ப்பதும் முதுகுக்குப் பின்னால் இருப்பதும் ஒரே தாளில் வந்தால் பார்ப்பவருக்குத் திசையே தெரியாது. இரண்டு ஓரத்திலும் கண்ணைத் தடுத்து உள்ளே திருப்பும் பொருள் ஒன்று இருக்கட்டும், இடப்பக்கம் ஒரு பாறை, வலப்பக்கம் ஒரு காவல் மாடம் என்பதுபோல. அவை கிடைக்கும் இடத்தில் தொடங்கி, கிடைக்கும் இடத்தில் முடித்துவிடுங்கள். 100 டிகிரியில் முடிந்தால் 100 போதும்.

கடைசியாகத் தங்களிடம் ஒரு வேண்டுகோள். வாசகர்கள் அனுப்பும் படங்களுக்கு வாரத்தில் ஒருநாள், பக்கத்தின் முழு அகலத்துக்கு ஒரு பட்டை ஒதுக்குங்கள். 33 செ.மீ. அகலம், 11 செ.மீ. உயரம். செய்தித்தாள் அச்சுக்கு அங்குலத்துக்கு 200 பிக்சல் வைத்தால் 2,600 பிக்சல் அகலம் போதும், செல்போன் பனோரமாவே அதைத் தாண்டிவிடும். இரண்டு பக்கம் சேர்த்துப் போட்டால் இன்னும் நல்லது. அப்போது மட்டும் நடு மடிப்பு ராஜகிரியின் உச்சியில் விழாமல் இரண்டு மலைக்கும் இடையில் உள்ள வெளியில் விழும்படி பக்கம் அமைப்பவர் பார்த்துக்கொள்ள வேண்டும். பெட்டிச் செய்தியோடு பொருத்துவதற்காகப் பட்டையின் இரு ஓரத்தையும் வெட்டிவிடாதீர்கள், மூன்று மலைகளில் ஒன்று அதோடு போய்விடும். படத்துக்குக் கீழே, குழுப் படங்களுக்குப் போடுவதுபோலவே ஒரு வரி வேண்டும். இடமிருந்து வலம்: சந்திரகிரி, மலைகளை இணைக்கும் மதில், கல்யாண மகால், ராஜகிரி. எடுத்த இடம்: கிருஷ்ணகிரி.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
திண்டிவனம்.